முடியாது என்று சொல்லிப் பழகுதல்

"இன்னைக்காவது முடியாதுன்னு சொல்லுவியளா, மாட்டியளா?"

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா தன் கணவரிடம் கேட்டார். அவர் மடங்காத இடது காலை நடைபாதையில் நீட்டியிருந்தார். அவருடைய கைத்தடி அந்த அம்மாவின் மடியில் கிடந்தது.

"கம்பெனி லாரி கவுந்துதான கால் போச்சு? போன தடவ லேபர் ஆபீஸ் விசாரணையில அந்த ஆபீசர், இனிமே லாரி ஓட்ட முடியுமான்னு கேட்டாரு. நல்ல வண்டியா இருந்தா ஓட்டிருவேன் சார்னு சொல்லிட்டு வந்திய. நம்ம வக்கீல் தலையில கைய வச்சிட்டாரு. ஓட்டுதவருக்கு எதுக்கு நஷ்டஈடுன்னு கம்பெனி வக்கீல் கேக்கான்லா."

"ஏட்டி, அத்தன பேரு முன்னால அத எப்படிட்டி சொல்ல?"

"எங்கிட்ட சொல்லிப் பழகுங்க. நான்தான் ஆபீசர். லாரி ஓட்ட முடியுமா?"

அவர் முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேரன்மாதேவி வந்து, ஆள் இறங்கி, பஸ் மறுபடி கிளம்பிய பிறகுதான் வாய் திறந்தார்.

"முடியாது."

"இவ்வளவு பைய சொன்னா அங்கன யாருக்குக் கேக்கும்?"

வளைவில் டிரைவர் கியரை மாற்றினார். கரகரவென்று சத்தம் வந்தது. இவருடைய இடது பாதம் கிளட்சை மிதிப்பதுபோல பஸ்ஸின் தரையை அழுத்தியது.

"நானா இருந்தா அப்பமே ரெண்டாவதுக்குப் போயிருப்பேன். சத்தமே வந்திருக்காது."

அந்த அம்மா அவர் முழங்காலில் கையை வைத்தார்.

"தெரியும். அத வீட்டுல எங்கிட்ட சொல்லுங்க. தெனமும் கேக்கேன். அங்கன மட்டும் சொல்லிராதிய."