திரையில் ஐந்து; கேட்டால் சுழி

பணி ஓய்வு விழாவுக்கு வந்திருப்போர்: மழைமானி வாசிப்பாளர் பூவிழி, மின்பணியாளர் அதீப், இரவுப் பணியாளர் தமிழ்மணி, போளூர் அலுவலகத்திலிருந்து சிவசங்கர், படவேட்டிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் கரும்பு வெட்டும் ரத்தினம்மாள், அவரோடு பத்தொன்பது பேர்.

ஜவ்வாது மலையின் மழையை முப்பத்தோராண்டு அளந்தவரே! அளந்தது அடிவாரம் சேரும்வரை நாற்காலியில் சாயாதவரே! எங்கள் தகவல் தொடர்புப் பொறுப்பாளர் சாந்தம்மாள் அவர்களே! வணக்கம்.

உங்களை வானளாவப் புகழச் சொன்னார்கள். நாங்கள் மழை அளவைச் செயற்கைக்கோள் வழியே அடிவாரத்துக்கு அனுப்பும் நம் மோடத்தைப் பற்றிச் சொல்கிறோம். உங்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

மேலே கடந்துபோகும் செயற்கைக்கோள் ஓயாமல் ஓர் அழைப்பை ஒலிபரப்புகிறது. அது கேட்டால் மோடத்தில் பச்சை விளக்கு எரியும். எவ்வளவு பலமாகக் கேட்டது என்பதைச் சுழியிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணைக் கேட்க இரண்டு வழி உண்டு. அவசரமாகக் கேட்டால், கடைசியாக அளந்துவைத்ததை உடனே எடுத்து நீட்டும். புதிதாக அளக்கச் சொன்னால், சில நொடி எடுத்துக்கொண்டு இப்போதைய நிலையைச் சொல்லும். நாங்கள் எல்லாரும் அவசரக்காரர்கள்.

சென்ற நவம்பரில் ஒருநாள் மதியம். ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு மில்லிமீட்டர் கொட்டியது. மலைமேலிருக்கும் செல்பேசிக் கோபுரம் காலையிலேயே செத்துவிட்டது. கீழே ஓடைக்கரையில் ரத்தினம்மாளும் ஆட்களும் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். எச்சரிக்கை போக வேண்டிய ஒரே வழி மோடம். மூன்றுமுறை அனுப்பினோம், மூன்றுமுறையும் போகவில்லை. திரையோ ஐந்து காட்டியது.

"அஞ்சு இருக்குது மேடம், போய்டும்" என்றார் அதீப்.

"இன்னா அஞ்சு? இருக்குதா, இருந்துச்சா?" என்றீர்கள்.

புதிதாக அளக்கச் சொன்னீர்கள். சுழி. விளக்கும் அணைந்தே கிடந்தது. நாங்கள் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. பிறகுதான் அதீப் தலையைச் சொறிந்தார். ஆன்டெனா நனைகிறதே என்ற அக்கறையில், அன்று காலை அதன்மேல் தகரம் வைத்துக் கட்டியிருந்தார். தகரம் அழைப்பை மறைத்திருந்தது; அதற்கு முன் அளந்த ஐந்தைத்தான் நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அது நனையத்தாம்பா வந்திருக்குது" என்றபடி மழையில் இறங்கிக் கூரையேறினீர்கள். ஐம்பத்தொன்பது வயதில்! தகரம் பறந்து கேழ்வரகுக் கொல்லையில் விழுந்தது. பச்சை எரிந்தது. மீண்டும் அளந்தோம்: மூன்று. அனுப்பினோம், போய்விட்டது! சிவசங்கர் செய்தியைப் பார்த்து, தோட்டத்துக்குப் போன் போட்டார். இருபது பேரும் மேடேறிய பதினோராம் நிமிடம் ஓடை கரையைத் தாண்டியது. வெட்டிய கரும்பு போனது. ஆள் ஒருவரும் போகவில்லை.

நீங்கள் அன்பானவர் என்று இங்கே எழுத முடியாது. எங்களில் உங்களிடம் திட்டு வாங்காதவர் இல்லை. சரியாக இருந்தீர்கள். அது போதும்.

நூறாண்டு நலமாக வாழுங்கள். கூரையிலிருந்து இறங்கும்போது பிசகிய முழங்காலைத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

இதை வாசித்து முடித்ததும் பூவிழி எழுந்துபோவார். மாலை அளவீட்டை அனுப்ப வேண்டும். நீங்களும் பின்னாலேயே வருவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே அவர் கருவியறைக்குள் நுழைந்ததும், கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டிக்கொள்வார்.

நிலையப் பணியாளர்கள்