நாற்பத்தொரு ஈயம்

— இஞ்சேருங்க... கொஞ்சம் மெல்லமா நடங்களன்! தோத்த ஆள் இப்பிடியா ஓடுறது?

— ஓடாம? பின்னால வெடி கொளுத்துறாளுகள். கேக்கல்லியா உனக்கு?

— கேக்குது, கேக்குது. கருவாட்டுப் பொம்பிளையள் எல்லாரும் கோயில் முத்தத்தில நிண்டு ஆடுறாளுகள். அல்பொன்சாக்காவத் தோளில தூக்கிட்டாளுகள். அந்த உடம்பத் தூக்குறதெண்டா...

— நீ ஏன் கத்தரினா பல்லக் காட்டுறாய்? தோத்தது உன்ட புருசன்.

— நான் எங்க சிரிச்சன்? வெயிலுக்கு முகம் சுருங்குது.

— ஒரு வாக்கு. ஒரேயொரு வாக்கு! 'பஸ்தியான் நாப்பது, அல்பொன்சா நாப்பத்தொண்டு' எண்டு தேர்தல் நடத்த வந்த நிறுவனத்துப் பிள்ளை ஷானிகா மைக்கில சொல்லக்குள்ள எனக்கு நெஞ்சு...

— பாத்தன். கதிரை நுனியில இருந்தீங்க. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா நிலத்திலதான்.

— முப்பது வருசமா மீனவர் சங்கத்துக்கு வள்ளக்காரர் காட்டுற ஆள்தான் தலைவர். இந்த முறைதான் கருவாடு போடுற பொம்பிளையளுக்கும் வாக்குக் குடுத்தது. குடுத்த கையோட கவுத்திட்டாளுகளே!

— ஓம், கவுத்திட்டம்... கவுத்திட்டாளுகள்.

— வள்ள முதலாளி, அமல்ராஜ் சம்மாட்டிட முகத்தப் பாத்தியா?

— வெயிலில காயப்போட்ட கணவாய் மாதிரி.

— சிரிக்காத! நாளைக்கும் அவரட வள்ளத்திலதான் நான் ஏறோணும். என்னை நிக்கச் சொன்னதே அவர்தான். 'நீ தலைவரா வந்தா எல்லாம் சுகம், பஸ்தியான்' எண்டார்.

— அவருக்குச் சுகம். நீங்க ஒரு கடதாசியில கையெழுத்துப் போட, நாங்க மீன் காயப்போடுற கரை முழுக்க ஹோட்டலுக்குப் போயிருக்கும்.

— ...அது உனக்கு ஆர் சொன்ன?

— ஆரும் சொல்லல்ல. கடதாசி பாய்க்குக் கீழ கிடந்திச்சு. முப்பது வருசக் குத்தகை.

— நீ வாசிச்சியா?

— ஓம், ஒவ்வொரு எழுத்தா. நீங்களும் வாசிச்சிருப்பீங்க எண்டு நினைச்சன். அல்பொன்சாக்காட பின்னேர வகுப்பில ஒண்டாத்தானே எழுத்துக் கூட்டினம்.

— எனக்கு... அவ்வளவு சின்ன எழுத்து விளங்காது.

— ம்.

— என்ன 'ம்'?

— ஒண்டுமில்ல. நில்லுங்க, இன்னொண்டு தெரியுமா? சம்மாட்டி வாளியக் கேட்டாராம்.

— என்ன வாளி?

— வாக்குப் போட்ட ரெண்டு வாளியும். ஷானிகாப் பிள்ளை சீட்டு அடிச்சுத் தாறன் எண்டுதானே சொன்னது? நாங்கதான் பெரிய கெட்டிக்காரர் மாதிரி, 'பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியா பிள்ளை, வலைக்குப் பாரம் கட்டுற ஈயத்தில ஆளுக்கொண்டு கொண்டுவாறம், திரைக்குப் பின்னால விருப்பமான வாளிக்குள்ள போடுறம்' எண்டம்.

— நல்ல யோசனைதானே! சத்தத்த வைச்சுக் கண்டுபிடிக்கக்கூடா எண்டு அடியில மணலும் போட்டது. பேர் இல்ல, எழுத்து இல்ல. ஒரு குருவிக்கும் தெரியாது.

— அந்த ஈயத்த ஆர் வாத்தது?

— அவனவன் வீட்டிலதான் உருக்கி வாத்தது.

— எதில வாத்தது?

— அவனவன் அச்சில... ஐயோ, மாதாவே!

— இப்பதான் விளங்குதா?

— நம்மட அச்சு நான் செங்கல்லில வெட்டினது... உளி வழுக்கி ஓரத்தில சிலுவை மாதிரி...

— அந்தச் சிலுவை நம்மட ஒவ்வொரு ஈயத்திலயும் கிடக்கு. வேற ஒரு வீட்டிலயும் இல்ல. அறுந்த வலை கரை ஒதுங்கினா, ஈயத்தத் தடவிப் பாத்தே 'இது இன்னாரட வலை' எண்டு சொல்லுற ஆள் சம்மாட்டி.

— எண்பத்தொரு பேர்... ஒருத்தருக்கும் யோசனை வரல்லியே!

— எந்த நேரமும் கையில கிடக்கிற சாமானப் பத்தி ஆர் யோசிக்கிற?

— வாளி இப்ப எங்க? சொல்லு கெதியா! சம்மாட்டி பாத்திட்டாரா?

— ஏன் உங்களுக்கு இப்பிடி வேர்க்குது? உங்கட ஈயம் உங்கட வாளியிலதானே?

— ஓம்... ஓம். பின்ன? நான் மத்தாக்களுக்காகக் கேக்கிறன். அவரட வள்ளத்தில ஏறுறவங்கள் எத்தின பேர்... பாவம்...

— பயப்பிடாதீங்க. எண்ணிக் கையெழுத்து வைச்ச உடன அல்பொன்சாக்கா ரெண்டு வாளியையும் ஒரே பாயில கொட்டிக் கலந்திட்டா. சம்மாட்டி வந்து பாக்கக்குள்ள ஒரு குவியல்தான். 'இனி எல்லாம் ஒரே சங்கம்தானே, முதலாளி' எண்டாவாம்.

— மெய்யாவா? மாதாவே, உனக்கு ஒரு பெட்டி மெழுகுதிரி! கலந்திட்டாவா? நல்லாக் கலந்திட்டாவா?

— தோத்த ஆளுக்கு இவ்வளவு சந்தோசமா?

— சந்தோசமில்ல... ஊருக்குள்ள சண்டை வரல்ல எண்டு. அது சரி... கொட்ட முதல் எண்ணினது ஆர்?

— ஒரு ஆளிட வாளிய மத்த ஆளிட வீட்டார் எண்ணோணும் எண்டு ஷானிகா சொன்னா. உங்கட வாளிய அல்பொன்சாக்காட தங்கச்சி எண்ணினா. அவட வாளிய...

— அவட வாளிய?

— நான்தான்.

— நீயா? ஒவ்வொண்டாத் தொட்டு எண்ணினியா?

— ஓம். ஏன் நிண்டிட்டீங்க? இஞ்ச பாருங்க, நான் ஒண்டு சொல்லோணும். கோவிக்கக்கூடா.

— ம்... சொல்லு.

— கரை போனா நான் எங்க மீன் காயப்போடுற? உங்கட தலையிலயா? அதுதான்... என்ட ஈயத்த அவட வாளிக்குள்ள போட்டிட்டன்.

— என்ன! கட்டின புருசனுக்கா? நம்மட வீட்டில இருக்கிறதே ரெண்டு வாக்கு, அதில ஒண்ட எடுத்து... என்னைத் தோக்கடிச்சது நீதானா!

— கத்துங்க. இன்னும் பலமாக் கத்துங்க. சம்மாட்டிக்குக் கேட்டா உங்களுக்குத்தான் நல்லது.

— பஸ்தியான்ட வீட்டு ஈயம் அல்பொன்சாட வாளியில! சிலுவையோட! எண்ணக்குள்ள ஆரும் கண்டிருந்தா?

— எண்ணினது நான்தானே. விரலில தட்டுப்பட்ட உடன மணலோட சேத்து உள்ளங்கையில பொத்தித்தான் எண்ணினன்.

— உனக்குக் கொஞ்சமும் வெக்கமா இருக்கல்லியா, கத்தரினா?

— ஓம், முதல் ஈயத்துக்கு வெக்கமாத்தான் இருந்திச்சு. பிறகு, ரெண்டாவது சிலுவையும் கையில தட்டுப்பட்டிச்சு.