பச்சை ஸ்வெட்டரில் வந்தவர்

– சத்தியமா சொல்றேன் அக்கா, இந்தச் சிவப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு.

– தூக்கலா இருந்தா நல்லதா, கெட்டதா?

– நல்லதுதான். ஆனா ஆறு வருஷமா சாம்பல் கலரைத் தவிர எதையும் தொடாத வெர்னா, இன்னிக்குத் திடீர்னு சிவப்பு ஸ்வெட்டர், முத்துக் கம்மல், உதட்டுச் சாயம்னு நிக்கறா. வெளிய மைனஸ் பத்து. யார் பாக்கப் போறா? அடுப்பா?

– அடுப்பு பாத்தா போதாதா? வாயைக் குறைச்சுக்கிட்டு ரெண்டு விறகை உள்ள தள்ளு, லொரெட்டா.

– தள்ளியாச்சு. நாட்டோட அந்தக் கோடில, ஆல்பர்ட்டால, என் வீட்ல ஒரு பொத்தானை அமுக்கினா சூடு வரும். ஆனா இந்தச் சூடு வராது. இது எலும்பு வரைக்கும் ஏறுது. அது சரி, என்ன கூத்து பண்ணி வச்சிருக்க நீ? ஜன்னலுக்குக் கம்பளித் திரை, கதவிடுக்குக்குத் துணிப் பாம்பு, நாற்காலிக்கு நாற்காலி ஒட்டுப் போர்வை. டீ கெட்டிலுக்குக்கூட குல்லா. வீட்டுக்கே ஸ்வெட்டர் போட்டு விட்டிருக்க.

– நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் இங்க வீடுதான் ஊரு. அதைக் கொஞ்சம் அழகா வச்சுக்கலேன்னா பைத்தியம் பிடிச்சுடும். நில்லு, எங்க உக்காரப் போற?

– அடுப்பு பக்கத்துல. இந்த ஆடற நாற்காலில.

– அது வேண்டாம். இப்படி என் பக்கத்துல வா.

– ஓ. கார்லண்ட் அத்தானோடதா? மன்னிச்சுக்கோக்கா. ஆறு வருஷமா யாருமே உக்காரலையா?

– இந்தக் கிழட்டுப் பூனைகூட உக்காராது. ஸ்மோக்கி, அப்படித்தானே? பாரு, பேரைக் கேட்டாலே திரும்பிப் படுத்துக்கும்.

– சரி, கோப்பை ஏன் மூணு எடுத்து வச்சிருக்க? நாம ரெண்டு பேர்தானே?

– இன்னிக்கு ஜனவரி அஞ்சு.

– அதனால?

– கிறிஸ்மஸ் பன்னெண்டு நாள் முடியுது. நாளைக்கு மரத்தை எடுத்துடுவோம். வேஷக்காரங்க வர்றதுக்கு இன்னிக்குத்தான் கடைசி சாயந்திரம். எட்டு வருஷம் வெளியூர்ல இருந்தா எல்லாம் மறந்துடுமா?

– யாரு, நானா மறப்பேன்? அப்பாவோட மீன்பிடி கோட்டு, உன் பாவாடை, தலையில தலையணை உறை, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. குரல் தெரியாம இருக்க மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே பேசிக்கிட்டு வீடு வீடா ஏறினவ நான். ஒருத்தரும் என்னைக் கண்டுபிடிச்சதில்லை.

– முதல் வீட்லயே கண்டுபிடிச்சுடுவாங்க. பேரைச் சரியாச் சொன்னாத்தான் உறையைத் தூக்கணும், தூக்கினாத்தான் கேக்கு. நீ கேக்குக்காகவே முன்னாடியே சிரிச்சுடுவ.

– அது என்னவோ உண்மைதான். அப்புறம் கேக்கைத் தின்னுட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிடணும். கண்டுபிடிச்சப்புறமும் உக்காந்திருந்தா மரியாதை இல்லைம்பாங்க. அப்போ மூணாவது கோப்பை ஒரு வேஷக்காரனுக்கா? யாரு அது?

– கேளு. அஞ்சு மணிக்கு வருவான். அதுக்குள்ள சொல்லிடறேன். நடுவுல பேசாதே.

– பேசலை.

– கார்லண்ட் போனது அக்டோபர்ல. படகு கிடைச்சுது, அவர் கிடைக்கலை. அலமாரியைத் திறந்தா அவர் துணி. கதவுக்குப் பின்னாடி அவர் துணி. எல்லாத்தையும் ஒரு பெட்டில போட்டு ஹெட்லிகிட்ட குடுத்து, கண்ணுல படாம வச்சுக்கோன்னுட்டேன்.

– அத்தானோட தம்பி ஹெட்லியா? பொம்பளைங்களைப் பாத்தா தரையைப் பாப்பாரே, அவரா?

– பேசலைன்னியே. அவன்தான். அந்த ஜனவரி அஞ்சாம் தேதி ஒரு வேஷக்காரன் தனியா வந்து கதவைத் தட்டினான். துக்க வீடுன்னு யாருமே வராத வருஷம். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரட்டும்னு நினைச்சிருப்பான், பாவம். ஆளைத் தெரியக் கூடாதுன்னு அடுத்தவங்க துணியைப் போடறதுதானே வழக்கம். அந்த மடையன் யோசிக்காம பெட்டியைத் திறந்து, நான் கார்லண்டுக்குப் பின்னின பச்சை ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து நிக்கறான்.

– ஐயோ.

– கதவைத் திறந்தேன். பச்சைதான் தெரிஞ்சுது. வாய் தானா "கார்லண்ட்"னு சொல்லிடுச்சு.

– அவர் என்ன பண்ணார்?

– என்ன பண்ணுவான்? தப்பான பேரு. உறையைத் தூக்க முடியாது. தூக்கினா நான் உடைஞ்சு போயிடுவேன்னு அவனுக்குத் தெரியும். அப்படியே விட்டுட்டுப் போகவும் மனசு வரலை. அதோ, கதவு பக்கத்து ஸ்டூல்ல அரை மணி நேரம் பேசாம உக்காந்துட்டுப் போனான். அந்தக் குளிர்காலத்துல நான் முழுசாத் தூங்கின முதல் ராத்திரி அதுதான்.

– அப்புறம்?

– வருஷா வருஷம். அதே நாள், அதே அஞ்சு மணி, அதே பச்சை. ஊர்ல இருக்கற ஒவ்வொரு பேராச் சொல்வேன். அவன் பேரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா உறையைத் தூக்கணும், கிளம்பணும். அதுக்கப்புறம் அடுத்த வருஷம் எதுக்கு வருவான்?

– ஆனா ஹெட்லிதான்னு எப்படித் தெரியும் உனக்கு?

– கை. கார்லண்டுக்கு நீளக் கை, ஹெட்லிக்குக் குட்டைக் கை. ஸ்வெட்டர் கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். அப்புறம் இந்தப் பூனை. பக்கத்துல வந்தா ஹெட்லிக்குத் தும்மல் நிக்காது. போன வருஷம் உறைக்குள்ள பதினோரு தும்மல் போட்டான். உறை பட்டம் மாதிரிப் பறக்குது. இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பு.

– ஐயோ அக்கா, வயிறு வலிக்குது. மத்த நாள்ல பேசவே மாட்டாரா?

– கடையில பாத்தா "குளிர் ஜாஸ்தி"ம்பான். நான் "ஆமா"ம்பேன். செப்டம்பர்ல விறகு வெட்டி வாசல்ல அடுக்கிட்டு, நான் எட்டிப் பாக்கறதுக்குள்ள ஓடிடுவான். கல்யாணமும் பண்ணிக்கலை.

– இப்பப் புரியுது இந்தச் சிவப்பு.

– ஐம்பத்தி மூணு வயசாச்சு எனக்கு. ஒருத்தன் என் வீட்டுக்கு வரணும்னா செத்தவர் துணிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுத்தான் வரணுமா? முன்னாடி வைக்கற டீ ஆறிப் போகும், குடிக்காம போயிடுவான். இன்னிக்கு "ஹெட்லி"ன்னு சொல்லப் போறேன். தூக்கினான்னா, கிளம்ப வேண்டாம், உக்காருன்னு சொல்லி இதைக் குடுப்பேன்.

– காட்டு. அடேங்கப்பா! நீலம். என்ன மெத்துனு இருக்கு! எப்போ பின்னின?

– மூணு மாசமா. அவனுக்குன்னு, அவன் அளவுக்கு. கை நீளம்தான் பயமா இருக்கு. டேப் வச்சா அளந்தேன்? கடையில அவன் மாவு மூட்டை தூக்கறப்போ கண்ணால அளந்தது. நாலு தடவை பிரிச்சு நாலு தடவை பின்னினேன்.

– அவர் தூக்கலேன்னா?

– தூக்கலேன்னா உன்கூட ஆல்பர்ட்டா வந்துடறேன். நீயும் எத்தனை வருஷமாத்தான் கூப்பிடுவ? வீட்டைப் பூட்டிடலாம். இன்னொரு குளிர்காலம் இப்படி என்னால முடியாது.

– அக்கா. கதவு.

– தெரியுது. என் தலைமுடி சரியா இருக்கா?

– இருக்கு, இருக்கு. போ.

– யாரு வெளிய?

– வே…ஷக்காரனை… உள்…ள விடுவீங்களா?

– வா, வேஷக்காரா. கதவைச் சாத்து, சூடெல்லாம் போகுது.

– சத்தியமா அக்கா, எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. குளிர் இவரோடயே உள்ள நடந்து வருது.

– கதவைத் திறந்தா குளிர்தான் வரும், வெல்லப்பாகா வரும்? உக்காரு வேஷக்காரா. உன் ஸ்டூலை… ஓ. அங்கயா?

– அக்கா, அது அத்தானோட…

– பரவாயில்லை. உக்காரட்டும். குளிர்ல வந்திருக்கான், அடுப்பு பக்கம் வேணும்.

– சரி, முதல்ல நான் சொல்றேன்! யாருன்னு பாக்கலாம். தபாலாபீஸ் மோர்லி? இல்லையாம். உயரத்தைப் பாத்தா… பாதிரியாரா? பாதிரியார்னா இந்நேரம் கேக்கை முகர்ந்து பாத்திருப்பார். பேக்கரி கிளாரன்ஸ்? அதுவும் இல்லையா? பேசுங்களேன், மூச்சை இழுத்தாவது பேசுங்க.

– அவன் பேச மாட்டான். எப்பவும் அப்படித்தான்.

– அக்கா, இவர் பூட்ஸ்லேர்ந்து தண்ணி ஓடுது. பாய் முழுக்க நனைஞ்சிடுச்சு.

– பனி உருகுது. துணியை எடுத்துத் துடை.

– துடைக்கறேன், துடைக்கறேன். அக்கா, இப்படி வா. மெதுவா. இது பனித் தண்ணி இல்லை. உப்பு வாடை அடிக்குது.

– படகுத்துறைல வேலை பாக்கறவன்கிட்ட உப்பு வாடை வராம ரோஜா வாடையா வரும்?

– ஸ்வெட்டர் கை தொங்கும்னியே? சரியா மணிக்கட்டுல நிக்குது பாரு.

– இந்த வருஷம் மடிச்சு விட்டிருப்பான். எனக்காகச் சரி பண்ணிட்டு வந்திருப்பான்.

– மடிப்பே தெரியலையே.

– ஸ்மோக்கி! ஏய், இறங்கு! போச்சு, மடியில ஏறிடுச்சு. இப்பப் பாரு, முதல் தும்மல் வரும்.

– வரலையே.

– இரு, வரும்.

– பூனை கண்ணை மூடிடுச்சுக்கா. கர்ர்ருங்குது. காலைல வந்ததுலேர்ந்து என் மடியில ஒரு தடவை படுத்திருக்குமா?

– மாத்திரை போட்டுட்டு வந்திருப்பான். நீ தள்ளு. இன்னும் நின்னா எனக்குத் தைரியம் போயிடும். வேஷக்காரா, கேளு. அஞ்சு ஜனவரியா இந்த ஊர்ல ஒரு பேரு விடாம சொல்லிட்டேன். ஒண்ணை மட்டும் வேணும்னே சொல்லாம வச்சிருந்தேன். இன்னிக்குச் சொல்றேன். ஹெட்லி.

– உன் பக்கம் தலையைத் திருப்பறார்க்கா.

– ஹெட்லி, முதல் வருஷத்துலேர்ந்தே எனக்குத் தெரியும். கோபமெல்லாம் இல்லை. நன்றிதான். அந்த உறையைத் தூக்கு. டீ ஆறறதுக்குள்ள ஒரு தடவையாவது குடி.

– அக்கா, தலையை ஆட்டறார். இல்லைங்கறார்.

– விளையாடாதே, ஹெட்லி. பேரைச் சரியாச் சொன்னாத் தூக்கணும். நம்ம ஊர்ல யாரும் அதுல பொய் சொன்னதில்லை.

– திரும்பவும் இல்லைங்கறார்.

– சரி. புரிஞ்சுது. இந்த வயசுல சிவப்பைப் போட்டுக்கிட்டு, உதட்டுச் சாயம் வேற. எனக்குத்தான் புத்தி இல்லை. லொரெட்டா, மாடில பெரிய பெட்டி இருக்கு, இறக்கிட்டு வா. உன் விமானத்துலயே எனக்கும் ஒரு டிக்கெட் போடு.

– அழாதேக்கா. இங்க பாரு. இவர் அந்த நீல ஸ்வெட்டரைக் கையில எடுத்துட்டார்.

– எடுத்துக்கட்டும். எனக்கெதுக்கு அது?

– பின்னலையெல்லாம் தடவிப் பாக்கறார். கையை நீட்டி அது மேல வச்சுப் பாக்கறார். குட்டையா இருக்குக்கா, இவருக்கு. நாலு விரல் குட்டை.

– குட்டையா? எப்படிக் குட்டையாகும்? நாலு தடவை பிரிச்சுப் பின்னினேனே…

– கதவை யாரோ தட்டறாங்க. நீ இரு, நான் பாக்கறேன். யாருங்க?

– ஹச்! ஹச்! மன்னிச்சுக்கோ. பூனை பக்கத்துலதான் இருக்கு போல. நீ லொரெட்டாதானே? நான் ஹெட்லி.

– நீங்க… முகத்துல ஒண்ணும் இல்லாமலா வந்திருக்கீங்க?

– ஹச்! அதைத்தான் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. வெர்னா, இங்க வருஷா வருஷம் வர்ற வேஷக்காரன் நான்தான். முதல் வருஷம் தெரியாமப் பண்ணினேன். மத்த வருஷமெல்லாம் தெரிஞ்சேதான் வந்தேன். இன்னிக்கும் அஞ்சு மணிக்கு வந்திருக்கணும். பெட்டியைத் திறந்தேன். போட்ட பூட்டு போட்டபடி இருக்கு. உள்ள ஒரே ஈரம். பச்சை ஸ்வெட்டரைக் காணோம். வேஷம் இல்லாம உன் முன்னாடி எப்படி நிக்கறதுன்னு இவ்வளவு நேரம் வேலியோரமா நின்னுக்கிட்டிருந்தேன். அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்னு இப்படியே வந்துட்டேன். இந்தச் சிவப்பு உனக்கு… நல்லா இருக்கு, வெர்னா. ரொம்ப நல்லா இருக்கு. ஹச்! ஆமா, அண்ணன் நாற்காலில யாரு அது?

– இந்த நீல ஸ்வெட்டர் கை அவனுக்குச் சரியா இருக்கும், வெர்னா. இப்போ என் பேரைச் சொல்லு.