ஆறரை வோல்ட்

– ஐசியை மாத்தியாச்சு, காயிலை மாத்தியாச்சு, இனி மாத்த நான் ஒருத்தன்தான் பாக்கி. மீட்டர் எத்தனை வோல்ட் காட்டுதுன்னு பாரு.

– ஆறரைங்க.

– கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

– கண்ணாடி போட்டா ஆறரை அஞ்சாயிடுமா? பஸ்ல போன் சார்ஜ் போட, பஸ் பேட்டரியோட இருபத்துநாலு வோல்ட்டை அஞ்சாக் குறைக்கத்தானே இந்த போர்டு? ஆறரை போச்சுன்னா பயணிங்க போனெல்லாம் வெந்துடும்.

– எனக்கே பாடம் எடுக்கறியா?

– ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

– அப்ப சொல்லாத.

– உங்க தம்பிக்கு ஒரு போன் போடுங்க.

– ஆரம்பிச்சிட்டியா! அவன் கை லட்சணம் தெரிஞ்சுதானே வெளிய போன்னேன். பன்னெண்டு போர்டு பண்ணினான், பன்னெண்டும் ஆறு வோல்ட். கேட்டா, 'கணக்கு சரியா இருக்குண்ணே'ங்கறான்.

– அதுக்கு, 'சால்டர் பிடிக்கத் தெரியாதவனுக்கு இங்க என்னடா வேலை'ன்னு வாசல்ல வச்சு நாலு பேர் பார்க்கக் கத்தணுமா? அன்னையிலேர்ந்து நீங்க ஒரு வேளைகூட ஒழுங்காச் சாப்பிடல.

– அது வயிறு சரியில்ல.

– ஆமாமா, வயித்துக்குத்தான் தம்பி ஞாபகம். அவர் பண்ணினா ஆறு, நீங்க பண்ணினா ஆறரை. அப்ப அவரே தேவலைன்னுதானே அர்த்தம்?

– வாயை மூடு. அவன் போர்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு ரெசிஸ்டரை மாத்தி, அஞ்சுக்குக் கொண்டாந்து நான்தான் அனுப்பினேன். இதுலயும் மாத்திட்டாப் போச்சு.

– சர்க்யூட் படத்துல இருக்கறதைத்தானே அவரும் போட்டாரு, நீங்களும் போட்டீங்க? அப்ப படமே தப்பா?

– படம் நான் போட்டது!

– சரி சரி, அப்ப படத்தை ஒண்ணும் சொல்லக் கூடாது.

– அங்க டிராயர்ல என்னத்தைக் குடையறே?

– கடிகாரத்துக்கு வாங்கின புது செல். இதை அளங்க.

– செல்லை எதுக்கு அளக்கணும்? ஒன்றரை இருக்கும். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

– குழந்தைக்குத் தெரியும். உங்க மீட்டருக்குத் தெரியுதான்னு பாருங்க.

– ரெண்டு காட்டுது. இரு, இன்னொண்ணு எடு. இதுவும் ரெண்டு! அடப்பாவி, மீட்டருக்குள்ள இருக்கிற பேட்டரி இறங்கிப் போச்சுடி. அது இறங்கினா எல்லாத்தையும் கூட்டித்தான் காட்டும்.

– இறங்கினா மூலையில பேட்டரி படம் தெரியும்னு சொல்வீங்களே?

– தெரியணுமே... இந்த மூலையில கறுப்பு டேப்பை எந்தப் புண்ணியவான் ஒட்டினது?

– புண்ணியவதி. மீட்டரைக் கீழே போட்டு விரிசல் விட்டுட்டு, 'எதையாவது ஒட்டு'ன்னீங்க. ஒட்டினேன்.

– நல்லா ஒட்டினே போ! புது பேட்டரி கொடு. ம், போட்டாச்சு. இப்ப போர்டைப் பாரு.

– அஞ்சு! கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஏங்க, சந்தோஷப்படாம ஏன் இப்படி உட்கார்ந்துட்டீங்க?

– அப்ப அவன் போர்டும் சரியாத்தான் இருந்திருக்கு. சரியா இருந்ததை நான் 'சரிபண்ணி' அனுப்பியிருக்கேன். பன்னெண்டு பஸ்லயும் இப்ப நாலு வோல்ட்தான் வரும். ஒரு போனும் சார்ஜ் ஏறாது.

– ஒரு டிரைவர்கூட வந்து சண்டை போடலையே?

– அதான் எனக்கும் புரியல. ஆனா தம்பியை அவ்வளவு பேசிட்டேனே, நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. போனைக் கொடு.

– நானே போட்டுட்டேன். மணி அடிக்குது. இந்தாங்க, குரலைக் கொஞ்சம் இறக்கிப் பேசுங்க.

– டேய்... நான்தான்டா.

– சொல்லுண்ணே.

– மீட்டர்ல பேட்டரி தீர்ந்திருக்குடா. உன் போர்டு சரி. நான்தான் எல்லாத்தையும் கெடுத்து அனுப்பிட்டேன். மனசுல வச்சுக்காதடா. அந்தப் பன்னெண்டு பஸ்ஸையும் எப்படியாவது...

– பதினொண்ணு முடிஞ்சுதுண்ணே, கடைசி பஸ்ஸுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கேன். டிரைவருங்ககிட்ட என் நம்பர்தானே இருக்கு? எல்லார்கிட்டயும், 'அண்ணன்தான் சரிபண்ணிட்டு வரச் சொன்னாரு'ன்னு சொல்லி வச்சிருக்கேன், நீ பாட்டுக்கு உண்மையை உளறிடாத.