பதில் வராத பாட்டு

டீக்குச் சர்க்கரையை விட்டுவிட்டேன், பிஸ்கட்டை விட முடியவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அந்தப் பாட்டின் அர்த்தத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். முதல் சரணத்தில் ஆண் பேசுகிறான், இரண்டாவதில் பெண். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாதது போலவே பேசுகிறார்கள். இருபது வயது லிவர்பூல் பையனுக்கு இது எப்படித் தோன்றியது என்று ஒருவர் கட்டுரையே எழுதினார். தோன்றவில்லை. படித்தேன்.

எங்கள் குழுவின் கிதார்காரன் டெக்லன் கத்தோலிக்கன். அவன் காதலி பெரிலின் அப்பா, புராட்டஸ்டன்ட்காரர்களின் ஜூலை பன்னிரண்டு ஊர்வலத்தில் ஆரஞ்சுப் பட்டையோடு முன்னால் நடக்கிறவர். எங்கள் ஊரில் அது எலிக்கும் பூனைக்கும் சம்பந்தம் பேசுவது மாதிரி. ஐம்பத்தொன்பதில் டெக்லனைக் கட்டாய ராணுவச் சேவைக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பெரில் வீட்டுக்கு எழுதினால் அப்பா பிரித்துப் படித்துவிடுவார் என்று, என் முகவரிக்கு எழுதினான். முதல் மாதம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு லண்டனிலிருந்து ரெக்கார்டு கம்பெனிக்காரர் வந்தார்.

"அமெரிக்காக்காரன் பாட்டையே எத்தன நாளு வாசிப்பீங்க? சொந்தமா ஏதாச்சும் இருக்கா?"

எனக்குச் சொந்தமாக எழுத வரவில்லை. டெக்லனின் கடிதத்தைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன். முதல் சரணம் அதில் தயாராக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். அதைக் கொடுத்தால் அவள் ஏக்கம் தீர்ந்துவிடும், பிறகு பாட்டு ஏது? கொடுக்கவில்லை. அவன் முகாமை மாற்றிவிட்டார்கள், புது விலாசத்தை வேறு யாருக்கும் சொல்லக் கூடாதாம், என்னிடம் கொடு, நான் போட்டுவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அதிலிருந்து அவள் கடிதங்களும் என் கைக்கே வந்தன. 'ஏன் எழுதவில்லை' என்று அவள் கேட்டது இரண்டாம் சரணம் ஆயிற்று. டெக்லனுக்கு நானே எழுதினேன்: "நல்லாத்தான் இருக்கா, எழுதத்தான் சோம்பல்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிப்ஸ் கடை வாசலில் பெரில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"லென், இத இன்னிக்கே போட்டுடு. இருபதாம் தேதிக்குள்ள அவன் வரணும்."

"என்ன அப்படி அவசரம்?"

"வயித்துல இருக்கறத அதுக்கு மேல அப்பாகிட்ட மறைக்க முடியாது. லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல தெனமும் நிப்பேன்."

"போட்டுடறேன் கண்ணு, கவலப்படாத."

பாட்டுக்கு முடிவு கிடைக்காமல் மூன்று வாரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதத்தில் கிடைத்தது. ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தேன். பச்சைக் கோட்டு, கடிகாரத்துக்குக் கீழே, நான்கு நாள். கடைசிச் சரணத்தில் வரும் பச்சைக் கோட்டு கற்பனை அல்ல. இருபத்தோராம் தேதி அவளை மெர்ஸி ஆற்றிலிருந்து எடுத்தார்கள். அடுத்த மாதம் பாட்டைப் பதிவு செய்தோம்.

டெக்லன் அதை முகாம் ரேடியோவில் கேட்டிருக்கிறான். விடுப்பில் வந்தவன் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"அது என் எழுத்துடா. உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"அவதான் குடுத்தா. படிக்காமலே, வேணாம்னு. மத்தது என் கற்பன."

நம்பிவிட்டான். அதற்குப் பிறகு அவன் கிதாரைத் தொடவில்லை.

கடிதங்கள் அலமாரியில் இருக்கின்றன, இந்த பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்து டின்னில். பெரிலைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் அவர்கள் இருவரும் என்னைத்தான் நம்பினார்கள் என்பதையும் எழுதுங்கள். அவ்வளவு நம்பிக் கொடுத்ததில் ஒரு வரியைக்கூட நான் வீணாக்கவில்லை.