எனக்கு முன் அவள் கேட்டாள்

ஓடுகிறோம். கைதடி வீதி. விடிந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. தொலைவில் 'டும்'. பிறகு தலைக்கு மேலே ஷெல்லின் கூவல். கூவல் கிட்டவந்தால் விழுந்து படுக்கவேண்டும்.

"படுங்கோ! நிலத்திலை படுங்கோ!"

என் கணவர் முன்னாலிருந்து கத்துகிறார். மூட்டையோடு விழுகிறேன். காது அடைத்துவிட்டது. எழும்பினால் புகை. வீதியோரத்தில் எங்கள் மகள் தர்சினி. ஏழு வயது. அசையவில்லை.

அது நடந்து இருபத்தைந்து ஆண்டுகள். புறப்படும்போது தாமதித்தவள் நான். அவளுக்குத் தலை இழுத்துப் பின்னினேன். ஐந்து நிமிடம். அதற்காக அவர் என்னை மன்னிக்கவில்லை என்றே நம்பினேன். அவர் அவள் பெயரைச் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. அன்றிலிருந்து பாய் வேறு.

போன வருடம் அவருக்குக் கை நடுக்கம். நித்திரை இல்லை. டொக்டர் உளவளத்துணைக்கு அனுப்பினார். வியாழக்கிழமைகளில் அரியாலையிலிருந்து பஸ்ஸில் போவோம். அவர் உள்ளே. நான் வெளியே போட்டிருந்த வாங்கில் இருப்பேன். உள்ளே ஆலோசனை சொல்ல இருப்பவள் முப்பது வயதும் நிரம்பாத பெண்.

கதவுக்குள்ளால் அவர் குரல் கேட்கும். சொல் விளங்காது. என்னோடு "வாறன்", "போறன்" தவிர வேறு கதை இல்லாத மனிதர். அங்கே ஒரு மணித்தியாலம் கதைக்கிறார். நாலாம் கிழமை அழுகைச் சத்தம். பிள்ளையின் செத்தவீட்டில் அழாதவர்.

இந்த வயதில் இப்படியொரு பொறாமை. அவள் சிரித்து "வாங்கோ அம்மா" என்றால் முகத்தைத் திருப்பினேன். வீட்டில் அவருக்கு ஆறிய தேத்தண்ணி கொடுத்தேன்.

அடுத்த கிழமை பொறுக்கவில்லை. அவர் வெளியே வந்ததும் உள்ளே போனேன்.

"மிஸ், எனக்குச் சொல்லாததை உங்களிட்டை என்ன சொல்லுறவர்?"

"அதை அவர்தான் சொல்லவேணும், அம்மா. அவரைக் கேட்டுப் பாக்கிறன். ஓம் எண்டால் நீங்களும் வந்து இருங்கோ."

அவர் ஓம் என்றார். அடுத்த வியாழன் மூவரும் இருந்தோம். மின்விசிறி கடகடக்கிறது. அவர் நிலத்தைப் பார்க்கிறார்.

"நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினனான். கை விறைச்சுப்போச்சு. கொஞ்சத்தூரம் நடவம்மா எண்டு இறக்கிவிட்டன். உடனை ஷெல் விழுந்தது."

மூட்டை சுமந்து பின்னால் வந்த நான் அதைக் காணவில்லை.

"நான் தலை பின்னி மினக்கெடுத்தினனே?"

"நீ பின்னினதே எனக்கு ஞாபகமில்லை."

அவர் என்னில் பிழை பிடிக்கவேயில்லை. என் முகத்தைப் பார்க்கப் பயந்திருக்கிறார். நானும் அப்படித்தான்.

அந்தப் பெண் இல்லாவிட்டால் இதைக் கேளாமலே செத்திருப்பேன். தெரியும். ஆனாலும் எனக்கு முன் அவள் கேட்டாள். அது இன்னும் சுடுகிறது.

சண்டையில் எங்களுக்குப் போனவை. வீடு ஒன்று. பசு இரண்டு. மகள் ஒருத்தி, தர்சினி. அவளுக்குப் பிறகு நாங்கள் பெறாத பிள்ளைகள். அவர்களை எப்படி எண்ணுவதென்று எனக்குத் தெரியவில்லை.