கம்சாத்காவுக்குக் காலை வணக்கம்

கவனியுங்கள்! கவனியுங்கள்! எல்லா நிலையங்களும் ஒருசேர ஒலிபரப்புகின்றன. மிகப் பெரும் முக்கியத்துவம் வாய்ந்த அறிவிப்பு ஒன்றை இப்போது கேட்கப் போகிறீர்கள். இன்றிரவு ஒன்பது நாற்பதுக்கு, இந்தக் கோடைவீட்டின் மின்சாரம், நீண்ட காலத் தன்னலமற்ற சேவைக்குப் பிறகு, காலமாயிற்று.

காரணம், நம் கோஸ்த்யா ஹீட்டரையும் கெட்டிலையும் ஒன்றாகச் சொருகியது. சரி, போனது போகட்டும். மெழுகுவத்தியை இப்படி நகர்த்து. நாடியா, அந்தக் கதவைச் சாத்து. வெள்ளரி ஊறுகாய் ஜாடி மட்டும் நடுவில் இருக்கட்டும். ஒரு கதை சொல்கிறேன். கோஸ்த்யாவின் பெரியம்மா ரயீசாவுக்கு நடந்தது. முப்பது வருஷம் தொலைக்காட்சி நிலையத்தில் மூஞ்சிகளுக்குப் பவுடர் போட்டவள் அவள். பேயை நம்பாதவள். மூஞ்சிகளையும்தான்.

ஜனவரி மாதம். இரவு மணி பத்து ஐந்து. மாஸ்கோவின் வட ஓரம். டிராம் தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து நிலையத்துக்குப் போகும் ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் உறைந்த குளம். மறுபக்கம் நீளமான வேலி. மூன்று கம்பத்துக்கு ஒன்றில்தான் விளக்கு. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி... மூச்சை இழுத்தால் மூக்கு மயிர் ஊசியாய்க் குத்தும்.

அந்தச் சாலையில் ஓர் ஆள், தனியாக, சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு போகிறார்.

"ஆழ்ந்த... துயரத்துடன்..." நிற்கிறார். தொண்டையைச் செருமுகிறார். "ஆழ்ந்த துயரத்துடன்... அறிவிக்கிறோம்..."

குடித்தவர் இல்லை. குடித்தவன் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கும். இவர் அர்சேனி லூக்கிச் ஸவ்யாலவ். செய்தி அறிவிப்பாளர்.

தம்போவ் ரயில் நிலையத்தில், மூன்றாம் நடைமேடை, நான்காம் நடைமேடை என்று முழங்கிக்கொண்டிருந்த தையல்காரர் மகன். அந்தக் குரலைக் கேட்டுச் சொக்கி நின்று ரயிலைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. அப்படி விட்ட ஓர் அதிகாரிதான் இவரை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஓர் உச்சரிப்பு ஆசிரியை இரண்டு வருஷம் வாயில் வால்நட் அடைத்து, ஊர்ப் பேச்சை வேரோடு பிடுங்கினாள். பிடுங்கும்போது கூடவே வேறு சிலதும் வந்துவிட்டது. சொந்த அபிப்பிராயம், சந்தேகம், இந்த மாதிரி சில்லறைச் சாமான்கள். அவருக்கு அது தேவைப்படவே இல்லை.

இருபத்திரண்டு வருஷம் படித்தார். கோதுமை விளைச்சல் படித்தார், எஃகு உற்பத்தி படித்தார், விண்வெளிக்குப் போனவர்கள் திரும்பி வந்ததைப் படித்தார். கண் மூன்று வரி முன்னால் ஓடும். வாய் பின்னால் வரும். மூளை வீட்டில் இருக்கும். தாளின் அடியில் தணிக்கையின் ஊதா முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இருந்தால் படிப்பார். ஒரு தடுமாற்றம் கிடையாது. ரகசியம் என்ன என்று யாராவது கேட்டால் சொல்வார்: "கேக்கக் கூடாது தம்பி. படிக்கிறவன் தான் படிக்கிறதைக் கேக்க ஆரம்பிச்சான்னா, தொலைஞ்சான்."

கறிக்கடையில் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். இவர் கடைசியில் நின்று, "வணக்கம், தோழர்களே," என்பார். அவ்வளவுதான். விற்கிறவள் மேஜைக்கு அடியில் பதுக்கி வைத்த நல்ல சாஸேஜ் வெளியே வரும். ஆனால் மனைவி ஏழாம் வருஷமே பெட்டியைக் கட்டிவிட்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாளாம்: "என்னைக் காதலிக்கிறேன்னு சொன்ன பாரு, அர்சேனி... கேட்டா, நாளைக்கு லேசா மழை பெய்யும்கிற மாதிரியே இருந்துச்சு."

அவருக்கு அது உறைக்கவில்லை. அவர் மனசில் ஒரே ஒரு ஆசைதான். 'மக்கள் கலைஞர்' பட்டம். கையில் இருந்தது 'மதிப்புறு கலைஞர்'. அது கீழ்ப்படி. நிலையத்தில் அந்தப் படியைத் தாண்ட ஒரே வழி, நாட்டின் பெரியவர் ஒருவர் சாக வேண்டும், அதை நீ படிக்க வேண்டும். அந்த வருஷங்களில் பெரியவர்கள் டிராம் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராகப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் இவர் ஓய்வு விடுதியில் இருந்தார். படித்தவன் இன்னோர் அறிவிப்பாளன், வெனியமின் பாவ்லிச். பட்டம் அவனுக்கு. நதியைப் பார்த்த நாலு அறை வீடும் அவனுக்கு.

இப்போது இருந்த பெரியவரை நாலு மாதமாகக் காணோம். சளி என்று சொன்னார்கள். நாலு மாதச் சளி என்றால் என்ன என்று அந்த ஊரில் பூனைக்குக்கூடத் தெரியும். அர்சேனி லூக்கிச் விடுப்பே எடுக்கவில்லை. யாரும் சீந்தாத பதினோரு மணிச் செய்தியைக்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாஸ்கோவில் இரவு பதினொன்று என்றால் கம்சாத்காவில் காலை எட்டு. நடுராத்திரியில் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, ஒன்பது மணி நேரம் தள்ளி இருக்கிற மீனவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லும் வேலை. பையில் ஒரு கறுப்பு டை, துக்கச் செய்திக்கென்று. பதினோரு வருஷத்துக்கு முன் வாங்கியது. தினமும் கூடவே வரும்.

அன்றைக்கு நிலையத்துக் கார் வரவில்லை. நடந்தார். காலில் பின்லாந்து ஷூ, வழவழ அடி. எல்லாரும் போடுகிற கம்பளி பூட்ஸைப் போட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

"ஆழ்ந்த துயரத்துடன்..." கையை உயர்த்தினார். "...அறிவிக்கி..."

வழுக்கியது.

பின்மண்டையில் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. வேகவைத்த முட்டையின் ஓட்டைக் கரண்டியால் தட்டுவோமே... டக். அவ்வளவுதான்.

எழுந்தார். தட்டிக்கொண்டார். எங்கும் வலிக்கவில்லை. குளிர்கூட விட்டிருந்தது. இதுதான் பயிற்சி பெற்ற உடம்பு என்று நினைத்துக்கொண்டார். வாயிலிருந்து ஆவி வருவது நின்றிருந்தது. அதைக் கவனிக்கவில்லை. தன் வாயிலிருந்து வருவது எதையும் கவனிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா, நாடியா? ஊறுகாயைத் தின்னு.

நாலு அடி வைத்திருப்பார்... கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. ஒலிம்பிக் முடிந்ததிலிருந்து செத்துக் கிடந்த ஒலிபெருக்கி அது. கம்பி அறுந்து தொங்குகிறது. அதிலிருந்து ஓர் இசை. மெதுவாக... செல்லோ வாத்தியம். முன்னால் அறிவிப்பு இல்லை, பின்னால் அறிவிப்பு இல்லை. வெறும் செல்லோ.

அந்த நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ பெரிய ஆள் போயாச்சு.

பேரன் பிறந்த வீட்டில்கூட அப்படி ஒரு சந்தோஷ முகத்தைப் பார்க்க முடியாது. ஓட்டமும் நடையுமாக நிலையத்துக்குப் போனார். வாசல் காவலாளி பெற்ற தாயிடமே அனுமதி அட்டை கேட்கிறவன். அன்று குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மரியாதை, என்று நினைத்துக்கொண்டார் அர்சேனி லூக்கிச்.

ஒப்பனை அறையில் ரயீசா பெரியம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ராயாக் கண்ணு, சீக்கிரம். கறுப்பு டை."

"ஏன், யாருக்கு என்ன?"

"இசை கேக்கலை உனக்கு?"

"எந்த இசை? ஹீட்டர்தான் பாடிட்டிருக்கு."

"வரலாறு நடக்குது, நீ ஹீட்டரைக் கேளு! போடு, போடு."

அவள் பவுடரை எடுத்தாள். முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. வழக்கமாக அவரிடம் ஓடிகொலோனும் வெங்காயமும் மணக்கும். இன்று... பனி. வெறும் பனி வாசனை. சிட்டிகை மண்ணும் கலந்தது.

பவுடர் கன்னத்தில் நிற்கவில்லை. தட்டத் தட்ட, கண்ணாடியில் போட்ட மாவு மாதிரி சரிந்து மடியில் கொட்டியது.

"அர்சேனி லூக்கிச், மேல எல்லாம் சில்லுனு இருக்கே. டீ குடிக்கிறீங்களா?"

"மக்கள் கலைஞர் ஆகப் போறவனுக்கு டீயா! நாளைக்கு ஷாம்பெய்ன் குடிப்போம், ராயா."

அவர் எழுந்து போன நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

ஸ்டூடியோ. ஒளிப்பதிவாளன் கேமராவை நாற்காலிக்கு நேரே நிறுத்தி, திருகை இறுக்கிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டான். மூன்று வருஷமாக அப்படித்தான். அர்சேனி லூக்கிச் அசைகிற ஆள் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரன் கிளிம். அவன் ஒலி அளவு காட்டும் முள்ளை மட்டும் பார்ப்பான். திரையைப் பார்ப்பது வேறு பிரிவின் வேலை.

மேஜையில் வழக்கமான தாள்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாள், அடியில் ஊதா முத்திரை. அது போதும் அவருக்கு. மடிப்பை நீவிக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. ரயீசா பவுடர் பஞ்சோடு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"காலை வணக்கம், அன்புத் தோழர்களே." இடைவெளி. "ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம்..."

அடேயப்பா! அந்தக் குரல்! ரயீசாவே சொல்வாள், முப்பது வருஷத்தில் அப்படி ஒரு குரலை அவள் கேட்டதில்லை என்று. தரைக்கு அடியிலிருந்து வந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் கிளிம் முள்ளை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். முள் அசையவில்லை. மறுபடி தட்டினான். குத்தினான். பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது.

"...நம் தொலைக்காட்சிக் கலையின் ஒப்பற்ற மேதை... உழைப்பின் வீரர்... மக்கள் கலைஞர்..."

இங்கே நிறுத்தினார். பெயருக்கு முன்னால் ஒரு நடுக்கம் வைக்க வேண்டும். பதினோரு வருஷம் கண்ணாடி முன் பழகிய நடுக்கம். வைத்தார்.

"...அர்சேனி லூக்கிச் ஸவ்யாலவ்... தமது ஐம்பத்து நான்காம் வயதில்... இன்றிரவு பத்து மணி பதினொன்றாம் நிமிடம்... காலமானார்."

பஞ்சு ரயீசாவின் கையிலிருந்து விழுந்தது.

அவர் நிமிர்ந்தார். கண்ணில் சரியான அளவு ஈரம். ஒரு சொல் தடுக்கவில்லை. பன்னிரண்டு நிமிடம், மனிதர் அந்த ஒரு தாளையே படித்தார். வாழ்க்கை வரலாறு, விருதுகள், ஈடுசெய்ய முடியாத இழப்பு, எல்லாம். விளக்கு அணைந்தது. டையைத் தளர்த்திக்கொண்டே வந்தார்.

"எப்படி இருந்துச்சு, ராயா?"

"நல்லா... நல்லா இருந்துச்சு."

"அந்த நடுக்கம்?"

"கேட்டுச்சு."

"ம்." திருப்தியாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். தேய்க்கிற சத்தம் வரவில்லை. "சரி, யாரு செத்தது?"

ரயீசா குனிந்து பஞ்சை எடுத்தாள்.

"பேரை நான் கவனிக்கலை. பெரியவர்தானே?"

"இல்ல... அறிவிப்பாளர். யாரோ ஒரு... மக்கள் கலைஞராம்."

"அறிவிப்பாளனா?" முகம் சுருங்கியது. "ஒரு அறிவிப்பாளனுக்கா என் கறுப்பு டை?" அப்புறம், மெல்ல, முகம் மலர்ந்தது. "மக்கள் கலைஞர்... அப்போ வெனியமின்! பாவம். நல்ல மனுஷன். குரல்தான் கொஞ்சம் மூக்கால வரும். அந்த நாலு அறை வீடு காலியாகுது பாரு." கதவு வரை போய்த் திரும்பினார். "நாளைக்கு மனு எழுதணும். ஞாபகப்படுத்து, ராயாக் கண்ணு."

போய்விட்டார். தாழ்வாரம் முழுக்க மெழுகு போட்ட மரத்தரை. அதன் மேல் வழவழ ஷூ. ஓர் ஓசை... ம்ஹூம்.

தொலைபேசி அடித்தது. கிளிம்தான் எடுத்தான். கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்தினான்.

"ராயா அத்தை... கண்காணிப்பு அறையிலேர்ந்து பேசறாங்க. பதினோரு மணிச் செய்திக்கு வேற ஆள் கிளம்பியாச்சாம், லேட்டாயிடுச்சாம், மன்னிக்கணுமாம். ஸவ்யாலவ் குளத்துப் பக்கம் விழுந்து கிடந்தாராம். பத்தரைக்கே ஆம்புலன்ஸ் தூக்கிட்டுப் போயிடுச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே உயிர்... செய்தி போச்சான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

ரயீசா மேஜையிடம் போனாள். வழக்கமான தாள்கள் புரட்டப்படாமல் இருந்தன. மேலே அந்த ஒரு தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் திருப்பினாள். வெள்ளைத் தாள். ஓர் எழுத்து இல்லை. அடியில் முத்திரை மட்டும் பத்திரமாக இருந்தது.

"போச்சுன்னு சொல்லு," என்றாள்.

வேறென்ன சொல்வாள்? மறுநாள் பதிவேட்டில், 'ஒளிபரப்பு வழக்கம்போல் நடைபெற்றது' என்று எழுதினார்கள். நாலு பேர் கையெழுத்து. பனியில் அவருடைய தொப்பி கிடைத்தது, பை கிடைத்தது. கறுப்பு டை மட்டும் கிடைக்கவில்லை. அது ரயீசாவின் நாற்காலி முதுகில் தொங்கியது, இறுக்கி முடிச்சுப் போட்டபடி. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. பட்டம்? வரவில்லை. ஏழாம் வாரம் பெரியவர் போனார். வெனியமின் படித்தான்.

மூன்று வாரம் கழித்து, பதினோரு மணிச் செய்திக்கென்று ஒரே ஒரு கடிதம் வந்தது. கம்சாத்காவில், மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். ரயீசாதான் உறையைப் பிரித்தாள்.

'வணக்கம், தோழர்களே. அன்று காலை பன்னிரண்டு நிமிடம் ஒரு காலி நாற்காலியைக் காட்டினீர்கள். சத்தமும் இல்லை. அதனால் ஒன்றும் குறையில்லை, வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் என் கணவர் கடலுக்குப் போக வேண்டியிருந்தது. வானிலை சொல்லவில்லை.'